வாயில் கூடை

கேட்டதை அப்படியே நினைவில் வைத்திருக்கிறேனா என்பது சந்தேகம்தான். மழை பொய்த்த வருஷம். பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், கொடி பறந்த காலம். இவை நிச்சயம். குழந்தைக்கு வயது நாலா, ஐந்தா என்பதில்தான் குழப்பம்.

குழந்தை கன்னி, ஏரிக்கரைத் தோணிரேவில் கையால் இறால் தடவிப் பிழைத்த ராமன்-கஸ்தூரி தம்பதியின் ஒரே மகள். அந்த வருஷம் அடிமையாக விற்க ஆள்பிடிக்கிறவர்கள் ஏரிக்கரையில் நடமாடினார்கள். பக்கத்துக் குப்பத்தில் ஒரு பிள்ளை காணாமல் போனது. எந்தக் கப்பலில் ஏற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

பயந்துபோன கஸ்தூரி மகளுக்குப் பாடம் தொடங்கினாள். எங்கே தொலைந்தாலும், பேரும் ஊரும் சொன்னால் யாராவது கொண்டுவந்து சேர்ப்பார்கள் என்ற நினைப்பு. உலை கொதிக்கும் நேரமெல்லாம் அதே பாடம்.

"உன் பேரு இன்னா?"

"கன்னி."

"நைனா பேரு?"

"ராமன். ஊரு தோணிரேவு!"

பத்தே நாளில் கன்னி கேட்காதவர்களுக்கும் சொல்ல ஆரம்பித்தாள். நண்டுக்குக்கூடச் சொன்னாள்.

கருவாடு விற்கும் குப்பம்மா ஒருநாள் நின்று கேட்டுச் சிரித்தாள். சட்டென்று சிரிப்பு நின்றது.

"அடி கூறுகெட்டவளே! அவனுங்க தேடுறதே இந்த மாதிரி வாயாடியத்தான். பேரு கேப்பான், பட்டுனு பதில் சொன்னா தூக்கிப்பான். ஊமை, நோஞ்சான்லாம் அவனுங்களுக்கு வேணாமாம்."

கஸ்தூரி பாடத்தை அன்றே நிறுத்தினாள். கற்றுக்கொடுத்ததை எப்படித் திரும்ப வாங்குவது? அதட்டினாள். வாயைப் பொத்தினாள். விரலிடுக்கு வழியாகக் கன்னி பெயரைச் சொன்னாள்.

இறால் தடவும்போது இரண்டு கைகளும் சேற்றில் இருக்கும். ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொள்வார்கள். வாய் திறந்தால் பிடித்ததெல்லாம் ஏரிக்கே போகும். கஸ்தூரி மகளுக்கென்று உள்ளங்கையளவில் ஒரு கூடை முடைந்தாள்.

"இது வாயில இருந்தா பேசக்கூடாது. பேசினா எறா ஓடிப்பூடும்."

அது கன்னிக்குப் பிடித்துப்போனது. நாளெல்லாம் மணலைத் தடவிக் கிளிஞ்சல் பொறுக்கினாள். கூடையை இறக்கிய பிறகுதான் பேசினாள்.

ஒரு காலையில் ராமன் அக்கரை போயிருந்தான். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்திருந்த கஸ்தூரி நிமிர்ந்தாள். கரையில் மகளுக்கு எதிரே ஒருவன் குத்துக்காலிட்டிருந்தான். கையில் வெல்லக்கட்டி. பின்னால் ஒரு தோணி, அதில் இரண்டு பேர்.

"பாப்பா, உன் பேரு இன்னா?"

கத்தினால் கன்னி "அம்மா" என்பாள். ஓடினால் அவன் தூக்கிக்கொண்டு போய்விடுவான். சேற்றில் எத்தனை எட்டு வைக்க முடியும்? கஸ்தூரி தன் கூடையை இறுகக் கடித்தாள். ஓலை விளிம்பு ஈறை அறுத்தது. கன்னி வாயில் கூடையோடு திரும்பி அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லு கண்ணு. நைனா பேரு?"

வெல்லம் மூக்கருகே வந்தது. கன்னியின் எச்சில் கூடை ஓரமாக வழிந்தது. அவள் கூடையிலிருந்து பல்லை எடுக்கவில்லை.

அவன் வெல்லத்தை இன்னொரு முறை ஆட்டிக் காட்டினான்.

"ஊமை போலக்கீது," என்றான் அவன். வெல்லத்தைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு தோணிக்கு நடந்தான்.

கூடையை இறக்கிய பிறகும் கன்னி பேசவில்லை; ஆடி மாதம் கழிந்தபிறகுதான் மறுபடி வாய் திறந்தாள். அந்தத் தோணி அதே வாரம் வடகரையில் இரண்டு பிள்ளைகளை ஏற்றிப்போனது; அவர்கள் திரும்பவில்லை. ராமன் மூன்றாம் வருஷம் காய்ச்சலில் இறந்தான். குப்பம்மா முடிந்தவரை கருவாடு விற்றாள். கன்னி தோணிரேவிலேயே கல்யாணமாகி நாலு பிள்ளை பெற்றாள். கஸ்தூரி அவள் வீட்டில் இருந்து, வயதாகிச் செத்தாள்.