கரைவெட்டியில் பெண் பார்த்த கதை

இந்த முறை சத்யாவைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பெரம்பலூர் வீட்டு விலாசத்தைக் கொடுக்கவில்லை. ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கரைவெட்டிப் பறவைகள் சரணாலயத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள்.

அது சத்யாவின் ஏற்பாடு. முப்பத்தொரு வயது, ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியன் வேலை. ஐந்து முறை பட்டுப்புடவை கட்டிக் கூடத்தில் வந்து நின்றாயிற்று. "தை மாசம் ஞாயித்துக்கிழமைன்னா நான் ஏரிக்கரையிலதான் இருப்பேன். பாக்கறவங்க அங்க வந்து பாக்கட்டும்ப்பா" என்றாள். அப்பா நல்லதம்பி போனில் அதைச் சொல்லும்போது நாக்கு குழறியது. மாப்பிள்ளை வீட்டார் என்ன நினைத்தார்களோ, சரி என்றுவிட்டார்கள்.

ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து அம்மாவும் பிள்ளையுமாகக் காரில் வந்து இறங்கினார்கள். பிள்ளை குருமூர்த்தி பம்ப்செட் மோட்டார் மெக்கானிக். அவன் வண்டியை நிழலில் விடப் போனான். அம்மா கொளஞ்சியம்மாள் ஜரிகைப் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரை மேல் ஏறி வந்ததுமே, அங்கே அப்பாவோடு நின்றிருந்த சத்யாவிடம் ஆரம்பித்தார்.

"ஏம்மா, சமையல்லாம் வருமா? வேலைக்குப் போற பொண்ணுன்னா..."

"கொஞ்சம் மெதுவா பேசுங்கம்மா. அதோ பாருங்க" என்று பைனாகுலரை அவர் கண்ணில் வைத்தாள் சத்யா.

"ஆத்தாடி! மூஞ்சிக்கு நேர வந்துடுச்சே!" கொளஞ்சியம்மாள் ஓரடி பின்னால் நகர்ந்தார். "தலையில ரெண்டு கறுப்புக் கோடு போட்டிருக்கு, அது என்னாது?"

"வரித்தலை வாத்து. இமயமலையத் தாண்டி வருதுங்க."

"இமயமலையவா? குஞ்சுங்களும் கூட வருமா?"

"இந்த வருசத்துக் குஞ்சுங்களும்தான்."

"நான் முந்திரித் தோப்ப வுட்டுட்டு திருச்சி போறதுக்கே நாலு நாள் யோசிப்பேன்" என்று சொல்லி, மறுபடியும் கண்ணை வைத்தவர்தான். அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

வண்டியை விடப் போனவனைக் காணோமே என்று சத்யா இறங்கிப் போனாள். கரைக்குக் கீழே ஈரச் சேற்றோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான் குருமூர்த்தி. அவன் முன்னால் முப்பது நாற்பது மஞ்சள் பட்டாம்பூச்சிகள், சிறகு மடித்து நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தன.

"அந்தப் பக்கமா வாங்க. நம்ம நெழல் பட்டா எந்திரிச்சிடுது" என்றான் கிசுகிசுப்பாக.

சத்யா சுற்றிக்கொண்டு போய் எதிரில் உட்கார்ந்தாள்.

"தண்ணியா குடிக்குது?"

"சேத்துல இருக்கற உப்ப உறிஞ்சுது."

அவன் தலையாட்டினான். பிறகு, "கல்யாணத்துக்கு அப்பறமும் இங்க வருவீங்களா?" என்று கேட்டான்.

"வருவேன்."

"எனக்கு ஞாயித்துக்கிழமைதான் வேலை ஜாஸ்தி. தோப்புல, வயல்ல எல்லாரும் அன்னிக்குத்தான் மோட்டாரக் கழட்டுவாங்க. மாசத்துல ரெண்டு வாரம் கூட வரேன். எல்லா வாரமும் வரேன்னு இப்ப சொல்லிட்டு அப்பறம் ஏமாத்தக் கூடாதுல்ல?"

சத்யாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு வாரம் போதும்" என்றாள். சொன்ன பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறோம் என்பது உறைத்தது. அவனுக்கும் உறைத்திருக்க வேண்டும், காது சிவந்துபோய்ச் சேற்றையே பார்த்தான்.

கரை மேலே நல்லதம்பி தவித்துக்கொண்டிருந்தார். படிப்பு, சம்பளம், நட்சத்திரம் என்று எல்லாக் கேள்விக்கும் பதில் தயார் செய்து வந்திருந்தார். கேட்பார்தான் இல்லை.

"பொண்ணப் பத்தி ஏதாவது கேக்கணும்னா..." என்று மெல்ல இழுத்தார்.

"செத்த இருங்க, எண்ணிக்கிட்டு இருக்கேன். நூத்திமுப்பத்தெட்டு, நூத்திமுப்பத்தொம்போது... போச்சு! எல்லாம் ஒண்ணாக் கெளம்பிடுச்சு!"

பருந்து ஒன்று தாழப் பறந்து வந்திருந்தது. ஏரி முழுவதும் இரைச்சலோடு எழும்பியது. சத்தம் கேட்டுக் கீழே இருந்த இருவரும் கரை மேல் ஏறி வந்தார்கள். தலைக்கு மேலே வாத்துக் கூட்டம் வட்டமடிக்க, நான்கு பேரும் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றார்கள். கூட்டம் மறுபடி தண்ணீரில் இறங்கியதும், பிள்ளையின் முகத்தையும் சத்யாவின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார் கொளஞ்சியம்மாள்.

"என்னடா?"

"புடிச்சிருக்கும்மா."

"ஒனக்கு?"

"எனக்கும்தாங்க" என்றாள் சத்யா.

நல்லதம்பி செல்போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். "முடிஞ்சிடுச்சுக்கா!" என்று அவர் போட்ட சத்தத்தில், பக்கத்து மரத்திலிருந்த நாரைகள் படபடவென்று பறந்தன. அவர் சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வர, தோள் குலுங்கச் சிரித்தார்.