காரின் இடது பாதி

இத்தாலியில், டூரின் நகரத்து பெர்செசியோ பட்டறையில் எதிர்காலத்துக் கார்கள் களிமண்ணில்தான் பிறக்கும். கம்ப்யூட்டரில் வரைகிறார்கள், பெரிய திரையில் சுழற்றிச் சுழற்றிக் காட்டுகிறார்கள், எல்லாம் சரி. ஆனால் முழு அளவுக் கார் ஒன்றை மண்ணில் செய்து, விளக்கடியில் நிறுத்தி, நாலு தடவை சுற்றி நடந்து பார்த்தால்தான் டூரின்காரர்களுக்கு மனசு ஆறும். அதுவும் குயவர் மண் இல்லை. மெழுகும் கந்தகமும் கலந்த பழுப்புக் கட்டி. சூடாக்கினால் வெண்ணெயாக இளகும், ஆறினால் சோப்புக் கட்டியாக இறுகும். அந்த நாற்றம் தலைமுடியில் ஏறினால் இரண்டு தடவை குளித்தாலும் போகாது.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. கார் ஒன்றுதான், ஆனால் இரண்டு பக்கமும் இரண்டு வடிவம். இடது பாதி ஒருவர் கை, வலது பாதி இன்னொருவர் கை. நடுவே மூக்கிலிருந்து வால் வரைக்கும், மேலே கம்பி கட்டி, சாம்பல் நிறத் துணித்திரை ஒன்று தொங்கும். இந்தப் பக்கத்து ஆள் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. காரைப் பற்றி ஒருவரோடு ஒருவர் மூச்சு விடக் கூடாது. முடிவு நாளன்று திரையை இறக்குவார்கள். தலைமை வடிவமைப்பாளர் ஒரு பக்கத்தைத் தேர்ந்தெடுப்பார். ஜெயித்த பாதியை அளந்து, அப்படியே திருப்பி மறுபாதியிலும் செய்வார்கள். தோற்ற பாதியை, அதைச் செய்த கையே சுரண்டி எடுக்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்ட புண்ணியவான் யாரோ, கொஞ்சம் கல்நெஞ்சுக்காரர்தான்.

இடது பாதி ஒர்னெல்லாவுடையது. வயது ஐம்பத்தொன்று. விவாகரத்தாகிப் பதினோரு வருடம். லிங்கொட்டோ பக்கம் மூன்றாம் மாடியில் தனி வீடு. வலது பாதி செவெரினோவுடையது. அவளைவிட மூன்று வயது மூத்தவன், மனைவியை இழந்தவன், ஒரே மகன் பிரான்சில் லியோனில் இருக்கிறான். ஒன்பது குளிர்காலமாக இருவரும் ஒரே காரின் இரண்டு பக்கத்திலும் நின்று வேலை பார்க்கிறார்கள். வேலை நேரத்தில் திரைக்கு அப்பால் முகம் தெரியாது, ஆனால் அவன் சுரண்டியை இழுக்கும் சத்தம் அவளுக்குத் தெரியும். நீளமாக இழுத்தால் சந்தோஷமாக இருக்கிறான். குட்டிக் குட்டியாக இழுத்தால் எதையோ தப்பாகச் செய்துவிட்டுத் திருத்துகிறான். அவன் இருமினால் இவள் வீட்டுக்குப் போகும்போது மருந்துக்கடைப் பக்கம் பார்ப்பாள். வாங்க மாட்டாள், பார்ப்பாள், அவ்வளவுதான்.

பத்து மணிக்குக் காபி மெஷின் முன்னால் பேச்சு நடக்கும். அங்கே எல்லாம் பேசலாம், காரைத் தவிர.

“என்ன மகாராணி, நேத்து ராத்திரி என்ன சாப்பாடு?”

“சூப்.”

“முந்தாநாள்?”

“அதே சூப்புதான்யா. ஒருத்திக்குன்னு வெச்சாலும் ஒரு சட்டி ஆயிடுது. ஒரு சட்டி மூணு நாளைக்கு வருது.”

“என்னைப் பாரு. ரெண்டு முட்டைய உடைச்சு ஊத்துறதோட சரி. முட்டையில மிச்சமே விழாது.”

“அதான் மூஞ்சியும் முட்டை மாதிரியே ஆயிட்டு வருது.”

அவன் சிரிப்பான். அந்தச் சிரிப்பை எடுத்துக்கொண்டு ஒர்னெல்லா மத்தியானம் வரைக்கும் ஓட்டிவிடுவாள். ஞாயிற்றுக்கிழமைதான் அவளுக்கு எமன். சத்தமில்லாத வீடு. நாலாம் நம்பர் டிராமில் ஏறிக் கடைசி நிறுத்தம் வரை போய், இறங்காமலே திரும்பி வருவாள். எங்கேயும் போவதற்கல்ல, பக்கத்தில் யாராவது உட்கார்ந்தால் போதும் என்றுதான்.

டிசம்பர் ஆரம்பத்தில் இன்ஜினியர் பல்லரீனி எல்லோரையும் கூப்பிட்டார். தலைமை வடிவமைப்பாளர் அவர்தான், நல்ல மனிதர், ஆனால் கெட்ட செய்தியைச் சொல்லும்போது மட்டும் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அன்றைக்கு அந்தக் கண்ணாடி தேய்ந்தே போயிருக்கும்.

“வசந்தத்துல கண்காட்சி. இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு வரப்போற கார். ஸ்டீயரிங் கிடையாது, விளக்கு வெளியில தெரியக் கூடாது, கூரை எவ்வளவு தாழ முடியுமோ அவ்வளவு தாழணும். இன்னொரு விஷயம். இந்தத் தடவைக்கு அப்புறம் இங்க மண்ணுல கார் செய்யுற மாடலர் ஒருத்தருக்குத்தான் வேலை. தோக்குற பக்கத்து ஆள் பிப்ரவரியிலேர்ந்து லா ஸ்பெத்ஸியாவுக்குப் போகணும். நம்ம படகுப் பட்டறைக்கு. மூணு வருஷ வேலை.”

“இருபத்தஞ்சு வருஷம் கழிச்சு மனுசனுக்குக் கழுத்தே இருக்காதா இன்ஜினியரே?” என்றான் செவெரினோ. “அப்புறம், கடல் காத்து உடம்புக்கு ரொம்ப நல்லதாமே. நீங்களே போயிட்டு வாங்களேன்.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒர்னெல்லா சிரிக்கவில்லை.

“ரெண்டு பக்கத்தையும் கலந்துட்டா?” என்று கேட்டாள்.

“கலந்தா ரெண்டு பேரும் தேவைப்படுவீங்க. அப்ப யாரும் போக வேண்டாம். நாலு வருஷத்துக்கு முன்னாடி கலந்தோமே, அந்த மாதிரி.”

நாலு வருஷத்துக்கு முன்னாடி! ஒர்னெல்லா அதை மறப்பாளா என்ன! அந்தத் தடவை இவள் செய்த மூக்கும் அவன் செய்த வாலும் பிடித்துப்போய், இரண்டையும் ஒட்டவைக்கச் சொன்னார்கள். திரையைக் கழற்றிவிட்டு, மூன்று மாதம், கார்க் கதவருகே தோளோடு தோளாக நின்று இரண்டு பேரும் ஒரே கோட்டைத் தேடினார்கள். அவன் மண் கொண்டுவந்து கொடுப்பான், இவள் பூசுவாள். அவன் வீட்டு மரத்துச் சீமைப் பனிச்சம்பழத்தைக் கொண்டுவந்து ஜன்னலோரம் வரிசையாக வைத்து, பழுத்ததை இவளுக்கும் பழுக்காததைத் தனக்கும் எடுத்துக்கொள்வான். அந்த மூன்று மாதத்தில் அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட டிராம் ஏறவில்லை. வீட்டில் உட்கார்ந்து திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டிருந்தாலே பொழுது போய்விட்டது.

அன்று ராத்திரி சூப்பைச் சூடாக்கிக்கொண்டே கணக்குப் போட்டாள். நான் ஜெயித்தால் அவன் போவான். அவன் ஜெயித்தால் நான் போவேன். இரண்டிலும் பிழைக்க வழியில்லை. கலந்தால்தான் உண்டு. அவன் வாலில் மன்னன், ஊருக்கே தெரியும். ஆனால் அவன் செய்யும் மூக்குகள் ஒவ்வொன்றும் ஜலதோஷம் பிடித்ததுபோல இருக்கும், அதுவும் ஊருக்கே தெரியும். அதனால் நான் மூக்கை உயிரைக் கொடுத்துச் செய்ய வேண்டும். வாலைக் கொஞ்சம் விட்டுவிட வேண்டும். மூக்கு என்னுடையது, வால் அவனுடையது என்று பல்லரீனி தானாகவே கையைக் காட்டுவார். இதைவிடச் சுலபமான கணக்கு உலகத்தில் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

மூக்கை அவள் செய்த விதத்தைச் சொல்லி மாளாது. கண்ணை மூடிக்கொண்டு, மெல்லிய பருத்திக் கையுறையைப் போட்டுக்கொண்டு, முழங்கையிலிருந்து விரல் நுனி வரை கையைப் படியவைத்து, மேடு எது பள்ளம் எது என்று தடவியே கண்டுபிடிப்பாள். ஒரு முடி அளவு மேட்டுக்காக ஒரு நாள் முழுக்க நின்றிருக்கிறாள்.

வால் விஷயம் வேறு. பின்சக்கரத்துக்கு மேலே தோள் மாதிரி ஒரு மடிப்பு போகும். அந்த மடிப்பில்தான் விளக்கு வெளிச்சம் ஒரே கோடாக ஓட வேண்டும். அதை அவள் மூன்று மில்லிமீட்டர் மழுக்கினாள். மூன்றே மூன்று மில்லி. பார்க்கிறவனுக்கு இன்னதுதான் குறை என்று சொல்லத் தெரியாது, ஆனால் வெளிச்சம் கதவு வரை ஓடிவந்து அங்கேயே செத்துப்போகும்.

ஒர்னெல்லாவின் பக்கத்துக்குப் படம் வரைந்தவள் ஜினேவ்ரா. முப்பது வயது, முதல் கார். ஜனவரியில் ஒரு நாள் குனிந்து குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்.

“ஒர்னெல்லாக்கா, வால் ஏனோ சோர்ந்த மாதிரி இருக்கு. நான் வரைஞ்சதுல தப்பா?”

“மண்ணுல அப்படித்தான் இருக்கும். மேல வெள்ளிப் படலம் ஒட்டினதும் சரியாயிடும்.”

“நீங்க சொன்னா சரி.”

அந்த ‘நீங்க சொன்னா சரி’ ஒர்னெல்லாவைக் குத்தியது. பாவம், அந்தப் பெண் என்ன செய்தாள்! ஆனால் திரைக்கு அப்பால் செவெரினோ சுரண்டியை நீளமாக ஒரு இழுப்பு இழுத்தான். ஒர்னெல்லா அந்தக் குத்தலை விழுங்கிவிட்டாள்.

அந்த நாட்களில் காபி மெஷினுக்கு அவன் சரியாக வருவதில்லை. வந்தாலும் நின்றபடியே குடித்துவிட்டு ஓடினான். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருந்தது.

“என்னய்யா, தூங்குறியா இல்லையா?”

“தூக்கமா? உனக்கென்னம்மா, நீ பாட்டுக்குப் பாடிக்கிட்டே வேலை செய்யுற. எனக்கில்ல தெரியும் என் கஷ்டம்.”

“நான் எப்பய்யா பாடினேன்?”

“உன் சுரண்டி பாடுதே. மூக்குக்கிட்ட நிக்கும்போது மட்டும் பாடுது.”

காரைப் பற்றிப் பேசிவிட்டோமே என்று இரண்டு பேரும் திடுக்கிட்டு வாயை மூடிக்கொண்டார்கள். ஒன்பது வருஷமாகச் சுரண்டிச் சத்தத்தைத் தான் மட்டும்தான் கேட்டுக்கொண்டிருப்பதாக ஒர்னெல்லா நினைத்திருந்தாள். அவனும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறான்!

முடிவு நாள் வந்தது. மண்ணின் மேல் தண்ணீர் தெளித்து வெள்ளிப் படலத்தை இழுத்து ஒட்டினார்கள். நீளக் குழல்விளக்குகளைப் போட்டார்கள். இரண்டு பேர் ஏணியில் ஏறித் திரையைக் கழற்றினார்கள். பல்லரீனி கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு முதலில் இடப்பக்கமாக நடந்தார். மூக்கின் முன்னால் நின்றார். நின்றவர் நகரவே இல்லை. “அடேயப்பா!” என்றார். பிறகு கதவைத் தாண்டினார், வாலுக்கு வந்தார், தலையைச் சாய்த்துவிட்டு நகர்ந்தார். ஒர்னெல்லாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது. இதைத்தானே அவள் வேண்டினாள்!

அவர் வலப்பக்கம் திரும்பினார். ஒர்னெல்லாவும் கூடவே நடந்தாள்.

வாலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம், செவெரினோ கை அது. ஆனால் மூக்கு? மூக்கில் ஜலதோஷம் இல்லை. வெளிச்சம் நுனியில் பிறந்து, கொஞ்சம் தயங்கி, பிறகு வழுக்கிக்கொண்டு கதவைத் தாண்டி, பின்சக்கரத்தின் மேல் ஏறி, வால் வரைக்கும் ஒரே மூச்சில் போய் இறங்கியது. இத்தனை வருஷத்தில் அந்தப் பட்டறையில் இப்படி ஒரு பக்கத்தை யாரும் பார்த்ததில்லை. ஜினேவ்ராகூடக் கை தட்டிவிட்டாள், பிறகு இது தன் பக்கம் இல்லை என்று ஞாபகம் வந்து கையை இறக்கிக்கொண்டாள்.

“கலக்கல் கிலக்கல் எல்லாம் வேண்டாம்,” என்றார் பல்லரீனி. “இது முழுசு. வலப்பக்கம்தான்.” அதற்குப் பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “ஒர்னெல்லா, உன் மூக்கு மாதிரி ஒண்ணு நான் பார்த்ததில்லம்மா,” என்றார்.

அவர்கள் எல்லோரும் கீழே மது பாட்டிலைத் திறக்கப் போனார்கள். ஜினேவ்ரா அவள் முகத்தைப் பார்க்காமலே போய்விட்டாள். ஒர்னெல்லா படலத்தை ஒரு ஓரத்தில் கீறி உரித்துப் போட்டாள். சுரண்டியை எடுத்தாள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றாள்.

செவெரினோ இரண்டு கோப்பைகளோடு மேலே ஏறி வந்தான். முகமெல்லாம் மலர்ந்திருந்தது. ஒன்றை அவளிடம் நீட்டினான்.

“பார்த்தியா என் மூக்கை? எங்க கத்துக்கிட்டேன்னு கேளேன். உன்கிட்டதான். நாலு வருஷமா ஒவ்வொரு தடவையும் திரையை இறக்கினதும் எல்லாரும் போனப்புறம் உன் மூக்கைப் போய்த் தடவிப் பார்ப்பேன். யாரும் சுரண்டியை எடுக்குறதுக்கு முன்னாடி. இந்தத் தடவை உன்னை ஜெயிச்சிட்டா…” அவன் நிறுத்தினான். “சரி, உன்னோடதைப் பார்க்கறேன்.”

“வேண்டாம்யா. போ, கீழ கூப்பிடுறாங்க.”

அவன் கேட்கவில்லை. கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு, மூக்கில் கையைப் படியவைத்தான், கண்ணை மூடினான். கை கதவைத் தாண்டி மெதுவாகப் போனது. பின்சக்கரத்துக்கு மேலே வந்ததும் நின்றது. திரும்ப வந்தது. மறுபடியும் போனது. கண்ணைத் திறந்தான்.

“மூணு மில்லி,” என்றான். “ஒரே சீரா மூணு மில்லி. இது கை தவறி வந்ததில்ல.”

அவள் சுரண்டியின் விளிம்பை விரலால் துடைத்தாள்.

“எனக்காக விட்டுக்குடுத்தியா?”

“இல்ல.” பிறகு, இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். “கலந்துடுவாங்கன்னு நெனச்சேன். உன் வால், என் மூக்கு. ரெண்டு பேரும் இங்கேயே இருந்துடலாம்னு. நீ போயிடக் கூடாதுன்னுதான்யா செஞ்சேன். என் வீட்டுல பேச்சு சத்தமே கிடையாது செவெரினோ. இங்க வந்தாத்தான் எனக்கு ஒரு ஆள் இருக்கு.”

அவன் வாலிலிருந்து கையை எடுத்தான். கோபித்துக்கொள்வான் என்று நினைத்தாள். அவன் கோபிக்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

“காரைப் பத்தித்தானே பேசக் கூடாதுன்னாங்க,” என்றான். “இதைச் சொல்ல யாரு தடுத்தா உன்னை? ஒன்பது வருஷமா தெனமும் காபி குடிச்சோமே. சூப்பைப் பத்திப் பேசினோம், முட்டையைப் பத்திப் பேசினோம்.”

“நீயும்தான் சொல்லல.”

“நானா? நான் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். இந்தா, இதுலதான்.” தன் பக்கத்து மூக்கைக் காட்டினான். “நீ அந்தப் பக்கம் உயிரைக் குடுத்துச் செய்யுறன்னு நெனச்சுத்தான் நானும் செஞ்சேன். நான் ஜெயிச்சா நீ போயிடுவன்னுகூட எனக்குத் தோணல. ரெண்டு மாசமா தூக்கமில்ல. ராத்திரி படுத்தா, இந்நேரம் அவ வாலுக்கு வந்திருப்பா, அதுல என்ன செய்யுறாளோன்னு யோசிப்பேன். வீட்டுல நான் தனியா இல்லன்னு அப்படியொரு தெம்பு எனக்கு. அப்ப அந்தப் பக்கம் யாருமே இல்லையா ஒர்னெல்லா? இத்தனை நாளும் நான் தனியாத்தான் நின்னுக்கிட்டு இருந்தேனா?”

அவன் படி இறங்கிப் போனான். ஒர்னெல்லா வாலிலிருந்து சுரண்ட ஆரம்பித்தாள்.