கடலைக்காய்ப் பாடம்

மகள் பெயரைப் பள்ளி ரிஜிஸ்டரிலிருந்து அடித்துவிடச் சொல்ல வந்த சென்னியப்பனை, "இந்த ஒரு பாடத்த மட்டும் கேட்டுட்டுப் போங்க" என்று உட்கார வைத்தது இன்னாசிமேரி டீச்சர்தான். சேந்தமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜில்லா போர்டு பள்ளிக்கூடம். அங்கே ஐந்தாம் வகுப்பு வரை வந்துசேர்ந்த ஒரே பெண்பிள்ளை அவர் மகள் மாரக்காள். எருமை மேய்க்க ஆளில்லையாம். படித்தது போதுமாம்.

அவர் மனதைக் குளிரவைக்க வேண்டுமென்று டீச்சருக்கு ஆசை. வேரில் உணவைச் சேர்த்துவைக்கும் செடிகள் என்று முள்ளங்கியையும் சர்க்கரைவள்ளியையும் சொன்னதோடு நிறுத்தியிருக்கலாம். விதி யாரை விட்டது. சேலம் டவுனில் பிறந்து, கடலைக்காயை வேகவைத்த பிறகே பார்த்துப் பழகியவள், அவர் காட்டிலிருந்து மாரக்காள் பிடுங்கிவந்த செடியைத் தூக்கிப் பிடித்து, "நம்ம கடலக்காயும் வேருலதான் காய்க்குது" என்றாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சென்னியப்பன் துண்டால் வாயை மூடிக்கொண்டார்.

மாரக்காள் எழுந்தாள். "இல்லீங்க டீச்சர். பூ வாடுனப்பறம் அதுலருந்து ஊசியாட்டம் ஒண்ணு எறங்கி மண்ணுக்குள்ள போவுமுங்க. அந்த நுனியிலதான் காய்க்கும். வேருல இல்லீங்க."

"சும்மா இரு புள்ள" என்று அப்பன் அதட்டினார். "டீச்சரம்மாவுக்கே பாடஞ் சொல்றயா?"

டீச்சருக்குக் காது மடல் சுட்டது. கடலைக்காய் தெரியாதவளிடம் என்ன படிப்பு என்று அவர் எழுந்து போய்விட்டால் மாரக்காளின் படிப்பு இன்றோடு சரி. ஏதாவது சொல்லி மழுப்பலாமா என்றுகூட ஒரு நொடி பார்த்தாள். கையிலிருந்த செடியைப் பார்த்தால், தண்டிலிருந்து இறங்கிய ஊசிகள் கண்ணுக்கெதிரே தொங்கிக்கொண்டிருந்தன.

"மாரக்கா சொல்றதுதான் சரி. நான் சொன்னது தப்பு" என்று சாக்கட்டியை நீட்டினாள். "வந்து படம் போட்டுக் காட்டு."

மாரக்காள் தண்டு வரைந்தாள், பூ வரைந்தாள், பக்கத்திலேயே பெயரும் எழுதினாள். சென்னியப்பன் வாயிலிருந்து துண்டு இறங்கிவிட்டது.

"அது என்னன்னுங்க எழுதியிருக்குது?"

"பூ-ன்னு எழுதியிருக்கா."

அவர் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார். "எருமைய இன்னிக்கு நானே ஓட்டிக்கறனுங்க. புள்ள இருக்கட்டும்."

"நாளைக்குங்க?"

"நாளைக்கிக் கதைய நாளைக்கிப் பாக்கலாமுங்க."

அந்தப் பத்து வயதுப் பிள்ளையைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது டீச்சருக்கு. பிள்ளை திரும்பியே பார்க்கவில்லை. படத்தில் ஊசி மண்ணுக்குள் இறங்குமுன்னே கரும்பலகையில் இடம் தீர்ந்துபோக, குத்தவைத்து உட்கார்ந்து, சாணி மெழுகிய தரையில் ஒவ்வொரு காயாக வரைந்துகொண்டிருந்தாள்.