முதல் 'வேண்டாம்'

பேராசிரியை கேட்டு முடிப்பதற்குள் டீச்சரின் வாய் முந்திக்கொண்டது. "பரவாயில்லைங்க மேடம், எனக்கு வேணாம். வேற யாருக்காவது குடுங்க." அந்த வெளிநாட்டு ஊரின் பாஷையில், இலக்கணம் கூடப் பிசகாமல், சிரித்த முகத்தோடு சொன்னாள். பேராசிரியை "அப்படியா, சரி" என்று கையிலிருந்த தாளில் அவள் பெயரை அடித்துவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டார். இன்னொரு தடவை கேட்பார் என்று டீச்சர் அங்கேயே நின்றாள். மேலே கதவு சாத்துகிற சத்தம்தான் கேட்டது.

வேண்டாம் என்று சொன்னாளே தவிர, அவளுக்கு அது வேண்டும். ஆய்வுக்கூடத்தின் ஜன்னலோர மேசை, அதன்மேல் ஒரு நுண்ணோக்கி, வருடம் முழுக்க ஒரே ஒரு மாணவருக்கு. குளத்துத் தண்ணீரில் திரிகிற உயிர்களைப் பார்த்துப் பார்த்து வரைய வேண்டும். பதினாறு வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள் அவள்; அதனால்தான் இங்கே வகுப்பில் எல்லோருக்கும் அவள் டீச்சர். ஒற்றைச் செல் உயிரான பரமீசியத்தைக் கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். ஆனால் பள்ளியிலிருந்த ஒரே நுண்ணோக்கி பீரோவை விட்டு வெளியே வந்ததில்லை. பரமீசியத்தை அவள் புத்தகத்தில்தான் பார்த்திருக்கிறாள். நாற்பத்திரண்டு வயதில் உதவித்தொகை கிடைத்து, புருஷனையும் மகளையும் விட்டுவிட்டு விமானம் ஏறியதே இதற்காகத்தான்.

அவள் வளர்ந்த வீட்டில் முதல் 'வேண்டாம்' செல்லாது. யார் எதை நீட்டினாலும் முதலில் மறுக்க வேண்டும், இரண்டாவது முறை இழுக்க வேண்டும், மூன்றாவது முறை "நீங்க இவ்வளவு சொல்றீங்களேன்னு" என்று கை நீட்ட வேண்டும். நீட்டியதும் வாங்குகிற பிள்ளையை அத்தைமார்கள் "காணாததைக் கண்ட மாதிரி" என்று ஊரெல்லாம் சொல்லிவிடுவார்கள். வந்த மூன்று வாரத்தில் இந்த மரியாதை அவளைப் படுத்தி எடுத்துவிட்டது. விடுதியில் எதிர் அறைப் பெண் ஆவி பறக்கச் சூப்பை நீட்டினாள். இவள் வேண்டாம் என்றதும் கிண்ணத்தோடு திரும்பிப் போய்விட்டாள். மழையில் குடைக்குள் கூப்பிட்டவரிடம் வேண்டாம் என்று சொல்லித் தெப்பமாக நனைந்தாள். அதெல்லாம் நாலு தும்மலோடு போயிற்று. இது அப்படிப் போகாது. வெள்ளிக்கிழமை மாலை பட்டியலை ஒட்டிவிடுவார்கள்.

செவ்வாயும் புதனும் பேராசிரியையின் கண்ணில் படுகிற மாதிரியே நடமாடினாள். நூலக வாசலில் நின்றாள், காபி எந்திரத்துக்குப் பக்கத்தில் குடிக்காத காபியோடு நின்றாள். பேராசிரியை ஒவ்வொரு முறையும் அன்பாகச் சிரித்தார், அன்பாகவே கடந்து போனார். வியாழக்கிழமை பொறுக்கமாட்டாமல் மகளுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டாள்.

"நீயேதான் வேணாம்னு சொன்னியா?"

"ஒரு மரியாதைக்குச் சொன்னேன்டி."

"அம்மா, அவங்க என்ன நம்ம பெரியம்மாவா? நீ வேணாம் வேணாம்னு சொல்ல, அவங்க தட்டுல கொட்டிட்டுப் போறதுக்கு?" மகளும் இந்த வருடம்தான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அந்த உரிமையில், கூடப் படிக்கிறவளைக் கேட்கிற மாதிரி கேட்டாள். பின்னால் குக்கர் சத்தத்துக்கு மேல் கணவரின் குரல் வந்தது. "நேராப் போய்க் கேளு. கேட்டா தலையையா சீவிடப் போறாங்க? ஆமா, இதுக்கு எத்தனை விசில்?"

"மூணு. இப்ப எத்தனை ஆச்சு?"

"அஞ்சு," என்றார் அவர், கொஞ்சம் தயங்கி.

கேட்பது அவளுக்குத் தெரியாததல்ல. கணவரின் இடமாற்றத்துக்காக அதிகாரிகளைக் கேட்டிருக்கிறாள். மகளின் சீட்டுக்காக மூன்று கல்லூரி வாசலில் நின்றிருக்கிறாள். வகுப்புக்கு மின்விசிறி கேட்டுத் தலைமையாசிரியரோடு மல்லுக்கட்டியிருக்கிறாள். 'எனக்கு வேண்டும்' என்று மட்டும் யாரிடமும் கேட்டதில்லை. குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பார்த்தாள். முதல் தடவை சிரிப்பு வந்தது. இரண்டாவது தடவை, எதற்கென்று தெரியாமல், அழுகை வந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு படுத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை காலை பேராசிரியையின் கதவைத் தட்டி, உட்காரச் சொல்வதற்கு முன்பே சொல்லிவிட்டாள். "மேடம், அந்த மேசை எனக்கு வேணும்."

"வேணாம்னு சொன்னீங்களே?"

"சொன்னேன். அது சும்மா சொன்னது." வியர்க்க விறுவிறுக்க மூன்று தடவைச் சட்டத்தை விளக்கினாள். பேராசிரியை வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இடத்தை வேறொருவனுக்குக் கொடுத்தாகிவிட்டது என்றார். டீச்சர் கதவுப் பக்கம் திரும்பினாள்.

"ஆனா காலையில ஏழுலேர்ந்து ஒன்பது வரைக்கும் அந்த மேசை சும்மாதான் கிடக்கு. இங்க படிக்கிற பசங்க யாரும் அப்ப எழுந்திருக்கிறதே இல்ல. உங்களுக்கு அவ்வளவு சீக்கிரம்..."

"வரேன்," என்றாள் டீச்சர். ஏழு மணிக்குள் மூன்று டிபன் பாக்ஸ் கட்டி, துணி அலசிப் போட்டு, பஸ்ஸையும் பிடித்தவளுக்கு அது சீக்கிரமா? அறையை விட்டு வெளியே வந்த பிறகுதான், ஒப்புக்குக்கூட மறுக்காமல் வாங்கிக்கொண்டது அவளுக்கே உறைத்தது.

திங்கட்கிழமை ஆறே முக்காலுக்கே போய்க் காவலாளியை எழுப்பாத குறையாகக் கதவைத் திறக்க வைத்தாள். முதல் ஒரு மணி நேரம் நுண்ணோக்கிக்குள் தன் கண் இமை முடியைத்தான் பார்த்தாள். அப்புறம் திருகாணி சரியான இடத்தில் நின்றது. வெளிச்ச வட்டத்துக்குள் அது குறுக்கே ஓடியது. செருப்பு வடிவம் என்று பதினாறு வருடம் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். எந்தச் செருப்பு இப்படி உருண்டுகொண்டே ஓடும்? உடம்பைச் சுற்றி அத்தனை மயிரும் சிலிர்த்துச் சிலிர்த்து அசைந்தன. "அடி என் கண்ணே," என்றாள் வாய்விட்டு.

ஒன்பது மணிக்கு அவளுக்குப் பின்னால் யாரோ செருமினார்கள். பட்டியலில் பெயர் வந்த பையன், தலைமுடியைக் குடுமியாகப் போட்டிருப்பவன், பையைத் தோளில் மாட்டியபடி நின்றான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, பரவாயில்லை, அவசரமில்லை என்றான். அந்தப் 'பரவாயில்லை' வெறும் மரியாதைக்குத்தான் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன?

"ரெண்டே நிமிஷம்பா," என்றாள், தலையைத் தூக்காமல்.

பின்னால் அவன் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். வட்டத்துக்குள் பரமீசியம் ஒரு பச்சைப் பாசி நூலில் போய் முட்டியது. பின்னால் வந்தது, உடம்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டது, மறுபடியும் முன்னால் போனது.