உம்மா திரும்பி வந்த நாள்

"வலப்பக்கம் மொதல்ல," என்றாள் ருமானா மாமி. "மெதுவா ஊத்து. உசுரோட இருக்கிறப்ப எப்பிடி ஊத்துவியோ, அப்பிடி."

"நாலு மாசமா நாந்தான் மாமி ஊத்துறேன்," என்றாள் நிலோபர்.

உம்மாவின் தோளிலிருந்து தண்ணீர், மேலே போர்த்தியிருந்த துணிக்கு அடியில் ஓடிப் பலகை விளிம்பில் சொட்டியது. ருமானா மாமி கிள்ளானில் இருபது வருடமாகப் இறந்த பெண்களின் மையத்துகளைக் குளிப்பாட்டுகிறவள். அழுகிற மகள்களை வெளியே அனுப்பிவிடுவது அவள் வழக்கம். நிலோபரை அனுப்பவில்லை. உம்மாவின் இடது முட்டி மடங்காது, கையை எங்கே கொடுத்துத் திருப்ப வேண்டும் என்று நிலோபருக்குத்தான் தெரிந்திருந்தது.

உம்மா முத்து பீவிக்கு எழுபத்தொரு வயது. காலையில் சுபுஹு தொழுகை முடிந்ததும் படுக்கையிலிருந்தபடியே, "ஜன்னலத் தொறந்து வுடும்மா, புழுங்குது," என்றாள். நிலோபர் திறந்துவிட்டுத் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. முகத்தில் வலி எதுவும் இல்லை.

தோஹாவில் வேலை பார்க்கும் அண்ணன் ராசிக்குக்கு உடனே போன் செய்தாள். எந்த விமானத்தைப் பிடித்தாலும் நாளைக் காலைக்கு முன்னால் அவனால் வர முடியாது. "காக்க வெக்காதீங்க. மத்தியானம் லுஹர் தொழுகைக்கு அப்புறம் அடக்கிடுங்க," என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். வேறெதுவும் பேசவில்லை. அவன் பேசாததில் அந்தப் பழைய கோபமும் இருக்கிறது என்று நிலோபர் நினைத்துக்கொண்டாள்.

மூன்று வருடங்களுக்கு முன்னால் உம்மாவும் அவளும் ஒரு குரூப்போடு மக்காவுக்கு உம்ரா செய்யக் கிளம்பினார்கள். ராசிக்தான் ஏற்பாடு செய்திருந்தான். விமான நிலையத்தில் உம்மாவின் பாஸ்போட்டில் முத்திரை விழுந்தது. உம்மா அந்தப் பக்கம் போய் நின்றாள். நிலோபருடைய பாஸ்போட்டை வாங்கிய அதிகாரி திரையைப் பார்த்தார், யாருக்கோ போன் செய்தார், பிறகு அவளை ஓரமாக நிற்கச் சொன்னார். நாட்டைவிட்டு வெளியே போக அவளுக்குத் தடை. காரணம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை என்றார்.

காரணம் அவளுக்குத் தெரியாமலும் இல்லை. பிரிக்பீல்ட்சில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் இரண்டு மேசை போட்ட அலுவலகம் அவளுடையது. போலீஸ் லாக்கப்பில் பிள்ளையைப் பறிகொடுத்த குடும்பங்கள் அங்கே வரும். அவர்களுக்காக மனு எழுதுவாள், பிரேதப் பரிசோதனை அறிக்கை கேட்டு அலைவாள். உம்ரா பயணத்துக்கு முந்தின மாதம் வெளிநாட்டு மாநாடு ஒன்றில் அந்தச் சாவுகளைப் பற்றிப் பேசிவிட்டு வந்திருந்தாள்.

"உம்மா, நீங்க போங்க! குரூப்போட போங்க!" என்று இந்தப் பக்கமிருந்து கத்தினாள்.

உம்மா குரூப்பையும் பார்த்தாள், மகளையும் பார்த்தாள். பிறகு நேராகக் கவுண்டருக்கு நடந்து வந்து, திரும்பிப் போகிறேன் என்று மலாயில் சொன்னாள். முத்திரை குத்தியாகிவிட்டது என்றார் அதிகாரி. "குத்துனத அழிச்சிடுங்க," என்றாள் உம்மா.

வீடு திரும்பும் வழியில் டெங்கிலில் காரை நிறுத்தச் சொல்லி இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டாள். அன்று மாலை ராசிக் போனில் கத்தினான். "வாப்பா மௌத்தானதுலேர்ந்து உம்மா கேட்டது இது ஒண்ணுதான். உன்னால அதுவும் போச்சு." அடுத்த வருடம் வேறு குரூப்போடு அனுப்பப் பார்த்தார்கள். முட்டி வலி என்றாள் உம்மா. அதற்கடுத்த வருடம் நெஞ்சு வலி வந்தது. தடையை எதிர்த்துப் போட்ட வழக்கு தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. உன்னால் என்ற வார்த்தை மட்டும் நிலோபருக்குள் அப்படியே கிடந்தது.

கஃபன் துணியில் சுற்றி, முகத்தை மட்டும் திறந்து கூடத்தில் கிடத்தினார்கள். அப்போதுதான் கேட்டுக்கு வெளியே நான்கு பெண்கள் நிற்பதை நிலோபர் பார்த்தாள். முன்னால் நின்றவள் ரவாங்கிலிருந்து வந்த மலர். ஆறு வருடங்களுக்கு முன் லாக்கப்பில் இறந்த லோகனின் அம்மா. மற்ற மூவரும் நிலோபரின் அலுவலகத்தில் நடக்கும் செவ்வாய்க்கிழமைக் கூட்டத்துக்கு வருகிறவர்கள். நெற்றியில் குங்குமத்தோடு உள்ளே வரலாமா கூடாதா என்று தெரியாமல், முந்தானையைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றார்கள்.

வாசலில் இருந்த ஆசிம் மாமா, உம்மாவின் தம்பி, தயங்கினார். "குளிப்பாட்டி முடிச்சாச்சு… வெளி ஆளுங்க இப்ப…"

"மொகம் பாக்க வந்தவங்கள வெயில்ல நிறுத்துவாங்களா, ஆசிம்?" ருமானா மாமி கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "உள்ள வாங்கம்மா. இப்பிடி ஒக்காருங்க."

மலர் உம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். அழவில்லை. கொஞ்ச நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு நிலோபரிடம் மெல்லச் சொன்னாள்.

"இந்த வாரம் யாரு தே போடப் போறா?"

விமான நிலையத்திலிருந்து திரும்பிய அடுத்த செவ்வாய்க்கிழமை, நானும் வரேன் என்று உம்மா கமூட்டர் ரயிலில் ஏறிவிட்டாள். அதற்கு முன் அந்த அலுவலகத்தை அவள் எட்டிப் பார்த்ததுகூட இல்லை. தேயிலையைக் கொதிக்கவைத்து எல்லாருக்கும் தே போட்டுக் கொடுத்தாள். பிறகு அந்தப் பெண்களின் பக்கத்தில் உட்கார்ந்தாள். துணிக்கடையில் நாற்பது வருடம் உட்கார்ந்தவளுக்கு எதிரில் இருப்பவரைப் பேசவிட்டுக் கேட்கத் தெரிந்திருந்தது. நிலோபர் மனு எழுதுவாள், உம்மா கேட்டுக்கொண்டிருப்பாள். முட்டி வலியோடும் வந்தாள். நாலு மாதத்துக்கு முன்னால் படுக்கையில் விழும்வரை வந்தாள்.

"மலர்க்கா," என்றாள் நிலோபர். "உம்மா என்னாலதான் மக்காவுக்குப் போகாம போயிட்டாங்க."

"அவங்க அப்பிடிச் சொன்னாங்களா?"

"ஒரு வார்த்த சொன்னதில்ல."

"நீ கேட்டியா?"

"பயமா இருந்துச்சு."

"நான் கேட்டேன் லா," என்றாள் மலர். "ஒரு நா கமூட்டருக்கு நிக்கிறப்ப கேட்டேன். என்ன சொன்னாங்க தெரியுமா? 'மலரு, அந்த ஆபீசரு என் புள்ளய ஓரமா நிக்க வெச்சான், கள்ளிய நிக்க வெக்கிற மாதிரி. அவ அழல. அவன் பேரக் கேட்டு, டைமப் பாத்து நோட்டுல எழுதிக்கிட்டா. நா அந்தப் பக்கத்துலேர்ந்து பாக்குறேன். இத்தன வருசமா இவ என்ன வேல பாக்குறான்னு எனக்குத் தெரியாது, அன்னிக்குத்தான் தெரிஞ்சிச்சு. அவளத் தனியா வுட்டுட்டுப் போயி நா அல்லாகிட்ட என்னத்தக் கேப்பேன்?'னாங்க."

நிலோபர் உம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"வருத்தமே இல்லையான்னு கேட்டேன். 'ஏன் இல்லாம? இருக்கு. ஆனா செவ்வாக்கெழம வந்தா மறந்து போயிருது'ன்னு சிரிச்சாங்க."

அடக்கத்துக்கு ஜனாஸா கிளம்பும் முன் ராசிக் வீடியோவில் வந்தான். நிலோபர் போனை உம்மாவின் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். அவன் ஏதோ ஓதினான், நடுவில் நின்று போனான், மறுபடி ஓதினான். பிறகு, "நிலோ, உன்னயக் காட்டு," என்றான். அவள் போனைத் திருப்பினாள்.

"யாரு குளிப்பாட்டுனா?"

"நானும் ருமானா மாமியும், நானா," என்றாள் அண்ணனைப் பார்த்து.

"தண்ணி குடுத்தியா காலைல?"

"குடுத்தேன். ரெண்டு வாய் குடிச்சாங்க."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "நான் போய் உம்மா பேர்ல உம்ரா செஞ்சிட்டு வரேன். அடுத்த மாசமே." போனை முகத்துக்கு அருகே கொண்டுவந்தான். "நீ எங்கயும் போகாம அங்கயே இருந்தியே. அதுவே பெருசு." சொன்னது என்னவென்று பிறகுதான் உறைத்தது போல, "அந்த அர்த்தத்துல சொல்லல," என்றான்.

"தெரியும் நானா," என்றாள் நிலோபர். சின்னதாகச் சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. அவனும் சிரித்தான்.

ஆண்கள் ஜனாஸாவைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வீடு சட்டென்று பெரிதாகிவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து சோறும் பருப்பும் மீன் குழம்பும் வந்தன. ருமானா மாமி கூடத்தில் பாயை விரித்து எல்லாரையும் உட்காரச் சொன்னாள். மலர் பரிமாறினாள். மலரோடு வந்த டெங்கில்காரப் பெண் ஒருத்தி, உம்மா தேயில் எவ்வளவு சீனி போடுவாள் என்று நடித்துக் காட்ட, ருமானா மாமிகூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிலோபருக்குப் பசித்தது. நேற்று மதியத்துக்குப் பிறகு எதுவும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. தட்டைக் காலி செய்துவிட்டு நீட்டினாள்.

"இன்னும் கொஞ்சம் போடுங்கக்கா."

மலர் கரண்டி நிறையப் போட்டாள். வெளியே மழை பிடித்துக்கொண்டு கூரைத் தகரத்தில் இரைந்தது. ரவாங் கமூட்டர் நாலு இருபதுக்கு என்று யாரோ சொன்னார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.