அவசரக்குடுக்கையின் ஃபைல் சிஸ்டம்

வீட்டில் அவளுக்கு அவசரக்குடுக்கை என்றுதான் பெயர். வைத்தவர் அம்மா, கட்டிக்காத்து வருபவர் கணவர். கம்பெனியின் புகார்ப் பிரிவில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, ஊரார் வசவையெல்லாம் காதில் வாங்குவது அவள் வேலை. அதிலிருந்து தப்பிக்க ஒரே வழி மாடியில் இருந்தது. வாடிக்கையாளர்களின் ஃபைல்களைப் பாதுகாக்கும் ஸ்டோரேஜ் டீமில் ஓர் இடம் காலி. ஃபைல் சிஸ்டம் சம்பந்தமாக ஏதாவது சொந்தமாக எழுதி, வெள்ளிக்கிழமை வரிவரியாக விளக்கினால் பார்க்கலாம் என்று டீமின் தலைவி சொல்லியிருந்தார்.

எதை எழுதுவது? ஒரு ஃபோல்டரை வேறிடத்தில் நகலெடுத்துச் சரிபார்க்கும் ப்ரோகிராம் எழுதலாம். ஒரே ஃபைல் இரண்டு இடத்தில் கிடந்தால் கண்டுபிடித்துச் சொல்லலாம். இதெல்லாம் பச்சைப்பிள்ளை விளையாட்டு என்று உதட்டைப் பிதுக்கினாள். எடுத்தால், டிஸ்கில் ஃபைல்களை வைத்து எடுக்கும் மொத்த ஏற்பாட்டையும் கவனிக்கும் முழு ஃபைல் சிஸ்டம்தான். அகலக்கால் வைக்காதே என்றார் கணவர். அவர் பல் டாக்டர். பல்லைப் பார்த்தால் போதும் என்று அவர் வாயை அடைத்துவிட்டாள்.

சும்மா சொல்லக்கூடாது, எழுதியும் விட்டாள். புதன்கிழமைக்குள் அவளுடைய குட்டி டிஸ்க் ஃபைல்களை வாங்கி வைத்துக்கொண்டு, கேட்டபோது திருப்பிக் கொடுத்தது. தலைகால் புரியவில்லை அவளுக்கு. அந்த மிதப்பில் ஒரு காரியம் செய்தாள். தான் எழுதிய ப்ரோகிராமின் வரிகள் அத்தனையையும் அந்த டிஸ்குக்குள்ளேயே நகர்த்தினாள். தன் வீட்டில் தானே குடியேறாவிட்டால் எப்படி?

மறுநாள் சாயங்காலம், ஃபைல்களின் அட்டவணை இருக்கும் இடத்தைக் கொஞ்சம் மாற்றி மறுபடி ஓட்டினாள். புது ப்ரோகிராம் பழைய இடத்தில் தேடுமா? தேடாது. இது யாரும் தொடாத டிஸ்க் போலிருக்கிறது என்று முடிவுகட்டி, மொத்தத்தையும் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் காத்திருந்தது. அப்படித் துடைக்கச் சொல்லி எழுதியவளும் அவள்தான். வேறெங்கும் நகல் இல்லை. ஆயுசு முழுக்க அந்த ஹெட்ஃபோன்தான் என்று நினைத்தபோது அழுகை முட்டியது. கணவர் காபி கொண்டுவந்து வைத்தார். அகலக்கால் பேச்சை அவர் எடுக்காததுதான் இன்னும் சுட்டது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டு, உதட்டைப் பிதுக்கிய அந்தப் பச்சைப்பிள்ளை விளையாட்டையே எழுத உட்கார்ந்தாள்.

வெள்ளிக்கிழமை தலைவி திரையைப் பார்த்தார். ஒரு ஃபோல்டரை நகலெடுக்கும் ப்ரோகிராம், அவ்வளவுதான். முழு ஃபைல் சிஸ்டம் எழுதுவதாகக் கேள்விப்பட்டேனே என்றார். பொய் சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை. அழுதது உட்பட நடந்ததை அப்படியே கொட்டிவிட்டாள். அறையில் இருந்தவர்கள் சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. தலைவி மட்டும் சிரிக்கவில்லை.

"சரிம்மா. நாளைக்கே வாடிக்கையாளர் ஒருத்தரோட டிஸ்கை உன் கையில குடுத்தா, முதல்ல என்ன பண்ணுவ?"

"வேற எடத்துல ஒரு நகல் எடுப்பேன். அது சரியா இருக்கான்னு திறந்து பாப்பேன். அதுக்கப்புறம்தான் மேடம் தொடுவேன்."

"எங்ககிட்ட வர்றவங்க எல்லாரும் இதைப் புத்தகத்துல படிச்சிட்டுத்தான் வர்றாங்க," என்றார் தலைவி. "நீ அழுதுட்டு வந்திருக்க. திங்கக்கிழமை மேல வந்துடு."