பத்தாவது பயணி

காலை ஏழு மணி மலைச்சாலைப் பேருந்தில் பத்துப் பேராவது வராவிட்டால் அந்த வழித்தடத்தையே நிறுத்திவிடுவார்கள். பயணிகள் குழுவின் சார்பில் எண்ண வந்த மார்லிஸின் தாளில் ஒன்பதுதான் இருந்தது.

“உங்களையும் சேத்துக்கோங்க, மார்லிஸ். தினமும் வர்ற ஆளுதானே,” என்றார் ஓட்டுநர் டுவேன்.

“இன்னிக்கு எனக்கு லீவு. எண்ணுறதுக்குத்தானே ஏறினேன்?”

“அப்போ நேத்து வந்தது யாரு, உங்க தங்கச்சியா?”

மார்லிஸ் தலைகளை இன்னொரு முறை எண்ணினாள்; ஒன்பதுதான். அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடம் வந்ததும், பழக்கத்தில் கை மணிக்கயிற்றை இழுத்துவிட்டது. கதவு திறந்தது.

“இறங்குறீங்களா, இல்லையா?”

தாளில் பத்து என்று எழுதினாள். எழுதியது சரிதானா என்று தெரியாமலே, இன்று வேலையில்லாத இடத்தில், பனியில் இறங்கி நின்றாள்.